பந்துக்கு முகதாட்சண்யம் கிடையாது

சென்ற ஐப்பசியில் ஒரு ஞாயிறு மாலை. பாளையங்கோட்டையில் நாங்கள் ஏழெட்டுப் பேர் மாதந்தோறும் கூடிப் பேசும் வழக்கப்படி பேசி முடித்து, தெருமுனைக் கடையில் தேநீருக்காக நின்றுகொண்டிருந்தோம். அன்றைய பேச்சு யதார்த்தவாதம் பற்றியது. நெல்லைச் சீமையில் நாலு பேர் கூடி இலக்கியம் பேசினால் அது எப்படியும் அங்கேதான் வந்து நிற்கும். எங்களுள் மூத்தவரான அண்ணாச்சி, தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், தம்மை வண்டியில் கூட்டிப்போக வந்திருந்த மருமகனைச் சுட்டிக்காட்டிச் சொன்னார்: "இவன் ராத்திரி பூரா போன்ல கேரம் ஆடுதான்வே. பலகை இல்ல, காய் இல்ல, பவுடர் இல்ல. எல்லாம் வெறும் மாயம். இதுக்குப் பேரு வெளையாட்டாம்!"

மருமகன் பொறியியல் படிக்கிறவன். அவனும் விடவில்லை. "மாமா, நீங்க ஒரு தடவை ஆடிப் பாத்துட்டுச் சொல்லுங்க. அச்சு அசல் நெசக் கேரம் மாதிரியே இருக்கும். பிசிக்ஸ் எல்லாம் பக்கா" என்றான்.

இருவரும் தீர்ப்புக் கேட்கும் பாவனையில் என்னைப் பார்த்தார்கள். மழை பிடித்துக்கொண்டதால் நான் அன்று தப்பித்தேன். ஆனால் அந்த இரண்டு வாக்கியங்களும் என்னை விடவில்லை. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும் அவ்விரண்டும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள் என்று எனக்குப் படுகிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தரப்பை முதலிலேயே வைத்துவிடுகிறேன். திரையில் உருளும் பந்து, திரையில் உருள்கிறது என்ற ஒரே காரணத்தால் மாயம் ஆகிவிடாது. அது உண்மையாக இருக்க முடியும். அதேபோல், பளபளப்பும் நிழலும் 'டக்' என்ற ஓசையும் கச்சிதமாக இருக்கின்றன என்பதாலேயே அது உண்மையாகியும் விடாது. பந்து உண்மையா பொய்யா என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்றுதான்: அது விதிக்குக் கட்டுப்பட்டு நடக்கிறதா, அல்லது ஆடுபவனின் முகத்தைப் பார்த்து நடக்கிறதா? அண்ணாச்சியும் மருமகனும் இந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இருவருமே தோற்றத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் அதை வெறுத்தார், மற்றவர் அதில் மயங்கினார்.

*

முதலில் நம் தெருவிலிருந்தே தொடங்குவோம். கோலி ஆடி வளர்ந்தவர்களுக்குப் பந்தின் இயற்பியலை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இடக்கை நடுவிரல் நுனியில் கோலியை வைத்து, விரலை வில்போலப் பின்னுக்கு வளைத்து விடுவிக்கும்போது, அது தரையில் படாமல் பறந்து சென்று எதிரியின் கோலியைத் தாக்கினால், அடித்தது ஏறக்குறைய அதே இடத்தில் நின்றுவிடும். அடிபட்டது அதன் வேகத்தை வாங்கிக்கொண்டு ஓடும். இரண்டும் ஒரே எடையாக இருந்தால்தான் இந்த நேர்த்தி. கண்ணாடிக் கோலிக்கு எதிராக எவனாவது சைக்கிள் கடையிலிருந்து பெரிய பால்ரஸ் குண்டைக் கொண்டுவந்தால் ஆட்டமே மாறிப்போகும். இரும்பு குண்டு நிற்காது. அடித்துவிட்டுத் தானும் கூடவே போகும். பால்ரஸ் செல்லாது என்று எங்கள் தெருவில் சட்டமே இருந்தது. நிறை, உந்தம் என்ற சொற்களை நாங்கள் பள்ளியில் கற்றது அதற்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.

தரையோடு தள்ளிவிட்ட கோலி வேறு மாதிரி நடந்துகொள்ளும். முதலில் அது வழுக்கிக்கொண்டு போகும். மண்ணின் உராய்வு மெல்ல அதைச் சுழலவைக்கும். பிறகுதான் முறையான உருளல். சுழற்சி ஏதுமின்றித் தள்ளப்பட்ட ஒரு திண்மக் கோளம் முழு உருளலுக்கு வரும் கணத்தில் அதன் வேகம் தொடக்க வேகத்தில் ஏழில் ஐந்து பங்காகக் குறைந்திருக்கும். மண் கரடாக இருந்தால் இது சீக்கிரம் நடக்கும். சிமெண்டுத் தரையாக இருந்தால் தாமதமாகும். ஆனால் அந்த ஏழில் ஐந்து மாறாது. தெருவின் மூத்த பையனுக்கு ஒரு கணக்கு, புதிதாகக் குடிவந்தவனுக்கு ஒரு கணக்கு என்று மண் ஒருநாளும் வைத்துக்கொண்டதில்லை.

ஆனித் தேரோட்டத்தின்போது திருவிழாக் கடையில் வாங்கித் தந்த ஓர் ஆணிப் பலகையும் என் நினைவில் இருக்கிறது. சாய்வான பலகை, வரிசையாக அடித்த ஆணிகள், கீழிருந்து குண்டை மேலே ஏவச் சுருள்வில் பொருத்திய ஒரு தள்ளுகோல். பின்பால் என்று உலகம் அழைக்கும் விளையாட்டின் பாட்டன் அதுதான் என்பது எனக்கு அப்போது தெரியாது. பகடெல் என்ற பழைய ஐரோப்பிய ஆட்டத்துக்குச் சுருள்வில் தள்ளுகோலைச் சேர்த்து, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871இல் காப்புரிமை வாங்கினார். பந்து கீழே விழாமல் தட்டி மேலே அனுப்பும் துடுப்புகள், அதாவது ஃபிளிப்பர்கள், 1947இல் காட்லீப் நிறுவனத்தின் 'ஹம்ப்டி டம்ப்டி' எந்திரத்தில் வந்தன. அதுவரை ஏவுவதும் எந்திரத்தை இலேசாக இடிப்பதும்தான் ஆடுபவனின் கையில் இருந்தன, மீதி விதிவசம்.

*

நம்மில் பெரும்பாலோர் உண்மையான பின்பால் எந்திரத்தைத் தொட்டதில்லை. எனக்கு அது கணினியாகவேதான் அறிமுகமாயிற்று. 2003 வாக்கில் வண்ணாரப்பேட்டையில் ஒரு பிரவுசிங் சென்டருக்கு நான் தவறாமல் போய்வந்த காலம். இணைய இணைப்பு அறுந்துபோகும் போதெல்லாம் — அது அடிக்கடி அறுந்துபோகும் — பையன்கள் சலித்துக்கொள்ளாமல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்த 'ஸ்பேஸ் கேடட்' பின்பாலைத் திறந்துவிடுவார்கள். ஒரு விசை இடத் துடுப்புக்கு, ஒரு விசை வலத் துடுப்புக்கு, நீண்ட விசை பந்தை ஏவ. மேசையை இலேசாக இடித்துப் பந்தின் போக்கைத் திருப்பவும் விசைகள் உண்டு. அளவுக்கு மீறி இடித்தால் 'டில்ட்' என்று சொல்லித் துடுப்புகள் செயலிழந்துவிடும்.

நான் வியந்தது ஒன்றை. பின்பால் எந்திரத்தையே பார்த்திராத அந்தப் பையன்கள், பந்து 'சரியாக' உருள்கிறது என்பதில் ஐயமே கொள்ளவில்லை. எதை வைத்து அப்படிச் சொன்னார்கள்? தெருக் கோலியை வைத்துத்தான். மேலேறும்போது தயங்கி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்கும்போது வேகம் கூடும் அந்த நடையை அவர்களுடைய விரல்கள் அறிந்திருந்தன. ஆகவே கணினிப் பந்து மாயம், கோலி நிஜம் என்று இரண்டையும் எதிரெதிராக நிறுத்தும் அண்ணாச்சியின் கட்சி அங்கேயே அடிபட்டுப் போகிறது. கோலியில் கற்ற அறிவு திரையில் செல்லுபடியாயிற்று. செல்லுபடியாகும் அறிவுக்கு நாம் மாயம் என்று பெயர் வைப்பதில்லை.

இந்தச் செல்லுபடி தானாக வந்துவிடுவதன்று. அதன் பின்னே மெனக்கெட்ட உழைப்பு இருக்கிறது. உண்மையான பின்பால் பந்து சுமார் 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. பலகை ஏறத்தாழ ஆறரை பாகை சாய்ந்திருக்கும். வழுக்கி இறங்கும் பொருளாகக் கணக்கிட்டால் முடுக்கம் நொடிக்கு நொடி 1.1 மீட்டர்; உருண்டு இறங்கும் கோளமாகக் கணக்கிட்டால், அதே ஏழில் ஐந்து பங்கு வந்து புகுந்து, 0.8 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மீட்டர் தூரம் இறங்க முதற்கணக்கில் சுமார் 1.3 நொடி, இரண்டாவதில் 1.6 நொடி. வித்தியாசம் கால் நொடிதான். ஆனால் அந்தக் கால் நொடியை மறந்த ஆட்டத்தில் பந்து 'என்னவோ போல' இருக்கும். ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் விரல் கண்டுபிடித்துவிடும்.

மோதல் இதைவிடக் கடினமானது. கணினிக்குத் தொடர்ச்சியான காலம் என்பது கிடையாது; அது காலத்தைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் பார்க்கிறது. நொடிக்கு அறுபது துண்டு என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 3 மீட்டர் ஓடும் பந்து ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் இடையில் 5 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் விட்டத்தையும் ஒரு மெல்லிய தடுப்பின் கனத்தையும் சேர்த்தாலும் 4 சென்டிமீட்டர் வராது. ஆகவே ஒரு துண்டில் பந்து சுவருக்கு இந்தப்புறம் இருக்கும், அடுத்த துண்டில் அந்தப்புறம். இடையில் சுவரைத் தொட்டதாகக் கணக்கே இராது. இதைத் தவிர்க்க, மோதல் எந்தக் கணத்தில் நிகழும் என்பதைச் சமன்பாடு போட்டு முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். அல்லது காலத்தை இன்னும் பொடியாக நறுக்க வேண்டும். பழைய எந்திரங்களைக் கணினியில் மீட்டெடுக்கும் ஆர்வலர்கள் கையாளும் 'விஷுவல் பின்பால்' என்னும் மென்பொருள் இன்று நொடிக்கு ஆயிரம் முறை பந்தின் நிலையைக் கணக்கிடுகிறது. ஒரு பந்து ஒரு சுவரில் நேர்மையாக மோதுவதற்கு இத்தனை பாடு.

இதில் தவறினால் என்னவாகும் என்பதற்கு 'ஸ்பேஸ் கேடட்'டின் முடிவே சான்று. 1995இல் 'ஃபுல் டில்ட்! பின்பால்' என்ற தொகுப்பில் வெளிவந்து, விண்டோஸின் பல பதிப்புகளோடு பயணித்த அந்த ஆட்டம், விஸ்டாவில் காணாமல் போயிற்று. காரணத்தை மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2012இல் எழுதினார்: 64 பிட்டுக்கு மாற்றியபோது மோதலைக் கண்டறியும் பகுதி பழுதாகி, பந்து ஆவியைப்போல எல்லாப் பொருள்களினூடேயும் புகுந்து கீழே விழுந்துவிட்டதாம். வெளியார் எழுதிய பழைய நிரல், விளக்கக் குறிப்புகளும் இல்லை, எங்கே பிழை என்று பிடிபடவில்லை, ஆட்டத்தையே விட்டுவிட்டார்கள். அந்த ஆட்டத்தை நினைத்து ஏங்குபவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். நான் பாராட்டாகவே சொல்கிறேன். சுவரை மதிக்காத பந்தை ஒப்பேற்றி வெளியிடுவதைவிட, வெளியிடாமல் இருப்பது மேல்.

*

இனி மருமகனிடம் வருவோம். "பிசிக்ஸ் பக்கா" என்றானே, அதைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது.

கேரம் பலகையின் ஆடுபரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டருக்குள். காய் ஒவ்வொன்றும் ஐந்திலிருந்து ஐந்தரை கிராம். ஸ்ட்ரைக்கர் பதினைந்து கிராமுக்கு மேற்படக் கூடாது. எடையில் இந்த மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில்தான் ஆட்டத்தின் சூட்சுமம் இருக்கிறது. நேருக்கு நேர் அடித்தால், இழப்பு இல்லாத மோதலில், ஸ்ட்ரைக்கர் தன் வேகத்தில் பாதியோடு தொடர்ந்து முன்னே போகும். காய் அதன் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் பறக்கும். காயைக் குழியில் போட்டுவிட்டுத் தானும் பின்தொடர்ந்து விழுந்து அபராதம் வாங்கித்தரும் ஸ்ட்ரைக்கரை ஆடியவர்கள் அறிவார்கள்.

காய் உருள்வதில்லை, வழுக்குகிறது. உலர்ந்த பரப்பில் வழுக்கும் பொருளின் வேகத்திலிருந்து உராய்வு ஒவ்வொரு கணமும் ஒரே அளவைக் கழித்துக்கொண்டே வரும். ஆகவே வேகத்தை இருமடங்காக்கினால் காய் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். நிற்கும்போது பட்டென்று நிற்கும். சோம்பலாக எழுதிய நிரலோ கழிப்பதில்லை, பெருக்குகிறது. ஒவ்வொரு துண்டிலும் வேகத்தை 0.98 போன்ற ஓர் எண்ணால் பெருக்கிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அப்போது இருமடங்கு வேகத்துக்கு இருமடங்கு தூரம்தான். காய் நிற்கவும் மனமின்றி, கடைசியில் எறும்புபோல ஊர்ந்துகொண்டே இருக்கும்.

இதை அவனிடம் சொன்னேன். பையன் நல்லவன், அடுத்த வாரமே, தான் ஆடும் செயலியில் மெல்ல அடித்தும் வலுவாக அடித்தும், திரையைப் படம்பிடித்து நிறுத்தி நிறுத்தி வேகத்தையும் தூரத்தையும் அளந்துகொண்டு வந்தான். முகம் சற்று வாடியிருந்தது. "ரெண்டு மடங்குதான் சார் வருது" என்றான். பிறகு அவனே கேட்டான்: "இத்தனை நாளா எனக்கு ஏன் தெரியல?" பலகையில் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும் என்று அண்ணாச்சி குறுக்கே புகுந்தார்.

அதுவும் சோதனைக்கு வந்தது. பரணிலிருந்து அண்ணாச்சி வீட்டுப் பழைய பலகையை இறக்கினோம். ஐப்பசி ஈரத்தில் அது உப்பிப் போயிருந்தது. போரிக் பவுடரை அள்ளித் தூவியும் காய் பாதி வழியில் படுத்துக்கொண்டது. ஒரு மூலைக்குச் சரிவு வேறு. அண்ணாச்சி நாலு முறை தவறவிட்டுவிட்டுப் பலகையைத் திட்டினார். திட்டலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பலகை யாரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதன் சரிவு அண்ணாச்சிக்கும் மருமகனுக்கும் ஒன்றுதான். ஐந்தாவது ஆட்டத்தில் மருமகன் அந்தச் சரிவைப் படித்துக்கொண்டு ஜெயித்தான். கோணல் பலகையையும் கற்கலாம். ஆளுக்கு ஆள் கோணலை மாற்றிக்கொள்ளும் பலகையைக் கற்க முடியாது.

1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயமும், பின்னர் வந்த இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் தமிழ்நாட்டின் பலகைகளிலிருந்து எழுந்தவர்கள். அவர்களுடைய திறமை என்று நாம் எதைச் சொல்கிறோம்? மரமும் காயும் மாறாத விதிப்படி நடக்கும் என்ற நம்பிக்கையின்மேல் ஆயிரக்கணக்கான மணி நேரம் கட்டிய கட்டடத்தை. அடித்தளம் ஆடினால் திறமை என்ற சொல்லுக்கே பொருள் கிடையாது.

*

இப்போது என் உண்மையான புகாருக்கு வருகிறேன். கணக்குத் தெரியாமல் பெருக்கியவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அது அறியாமை, திருத்திக்கொள்ளலாம். அறிந்தே செய்யப்படுவது வேறொன்று இருக்கிறது. ஆடுபவன் தொடர்ந்து தோற்றால் ஆட்டத்தை மூடிவிட்டுப் போய்விடுவான். தொடர்ந்து ஜெயித்தாலும் சலித்துப் போய்விடுவான். ஆகவே அவனுடைய போக்கைக் கவனித்து, ஆட்டத்தின் கடினத்தை அவனறியாமல் கூட்டியும் குறைத்தும் அமைக்கும் முறைகள் மின்விளையாட்டுத் துறையில் நெடுங்காலமாக உண்டு. கார்ப் பந்தய ஆட்டங்களில் பின்தங்கியவனுக்காக முன்னே போகும் கார் மெதுவாவதைக் கவனித்திருப்பீர்கள். இத்தகைய முறைகளுக்குக் காப்புரிமைகளே பெறப்பட்டிருக்கின்றன. எதிராளி வலுவை இப்படி மாற்றுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்தக் கை பந்துக்குள் புகுந்தால்? குழியின் விளிம்பில் தயங்கும் காயை, 'பாவம், மூன்று முறை தோற்றுவிட்டான்' என்று உள்ளே இழுத்துப்போட்டால்? 'போதும், இவன் காசு கொடுத்து நாணயம் வாங்கட்டும்' என்று வெளியே தள்ளிவிட்டால்? ஆடும் பிள்ளைக்கு அது தெரிய எந்த வழியும் இல்லை. என் ஆட்சேபம் இந்தத் தெரியாமையின்மேல்தான்.

'ஸ்பேஸ் கேடட்'டிலும் கள்ளவழி ஒன்று இருந்தது. ஆட்டத் தொடக்கத்தில் 'ஹிட்டன் டெஸ்ட்' என்று தட்டச்சு செய்தால் பந்தைச் சுட்டியால் பிடித்து விரும்பிய இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகலாம். வண்ணாரப்பேட்டைப் பையன்கள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். ஆனால் அப்படி எடுத்த புள்ளிகளை எவரும் கணக்கில் சேர்த்ததில்லை. பந்தைத் தொடும் கை வெளியே, எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. ஆகவே அதைக் கள்ளம் என்று சொல்ல முடிந்தது. இன்று அந்தக் கை உள்ளே போய்விட்டது. உள்ளே போனதும் அதற்கு 'அனுபவத்தை மேம்படுத்தல்' என்று கௌரவமான பெயரும் கிடைத்துவிட்டது.

இது வெறும் அழகியல் கவலை என்று நினைப்பவர்கள் நீதிமன்றங்களின் வரலாற்றைப் பார்க்கலாம். பின்பாலைச் சூதாட்டம் என்று 1942இல் தடைசெய்த நியூயார்க் நகரம், 1976இல்தான் தடையை நீக்கியது. நகர மன்றத்தின் முன் ரோஜர் ஷார்ப் என்பவர், பந்து எந்த வழியாக இறங்கும் என்று முன்கூட்டிச் சொல்லித் தள்ளுகோலை இழுத்துவிட, அது அவ்வழியே இறங்கியது. (அது பெரும்பாலும் அதிர்ஷ்டம் என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டது வேறு கதை.) அந்த நிரூபணம் எதன்மேல் நின்றது? எந்திரத்துக்குள் எவனும் ஒளிந்துகொண்டு பந்தைத் திருப்பவில்லை என்ற துணிபின்மேல்.

நம் நாட்டிலும் இக்கேள்வி எழுந்தது. வீடியோ விளையாட்டு நிலையங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற கர்நாடக ஆணையை எதிர்த்த எம்.ஜே. சிவானி வழக்கில், 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ஏற்றது. எந்திரத்தின் உட்புறத்தில் கைவைத்து முடிவைச் சாய்க்க முடியும் என்பதும், அப்போது ஆடுபவன் திறமையால் ஆகக்கூடியது ஏதுமில்லை என்பதும் அங்கே எடையிட்டுப் பார்க்கப்பட்டன. தமிழ்நாடு 2022இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டம் இயற்றியது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சட்டத்தை ஏற்றுக்கொண்டே, ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றுக்கு அத்தடை பொருந்தாது என்றது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டமானால் திறமையா அதிர்ஷ்டமா என்றே கேட்க வேண்டாம் என்று முடித்தது.

பணத்தைப் பொறுத்தவரை கதவைச் சாத்தியாயிற்று, நல்லது. ஆனால் திறமையா அதிர்ஷ்டமா என்ற இத்தனை ஆண்டுத் தர்க்கத்தில் மூன்றாவது சாத்தியம் ஒன்று உரிய கவனம் பெறவில்லை என்பது என் கட்சி. திறமை என்றால் விதி என் பக்கம் வேலை செய்ய நான் கற்றிருக்கிறேன். அதிர்ஷ்டம் என்றால் விதி யார் பக்கமும் இல்லை. விதியை எழுதியவனே என்னைப் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் என்ன? அது சூதைவிடக் கீழானது. தாயக்கட்டைக்குக்கூட ஒரு நேர்மை உண்டு; அதற்குக் கண் கிடையாது.

*

ஓர் எதிர்வாதத்தை நான் மதிக்கிறேன். 'விளையாட்டு என்பதே கற்பனைதானே, அது ஏன் உலகத்தைப் போல இருக்க வேண்டும்? கனவு காண உரிமை இல்லையா?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். தாராளமாக உண்டு. நிலாவின் ஈர்ப்பில் பந்தை உருட்டுங்கள். பந்து ஓர் ஓட்டையில் விழுந்து மற்றோர் ஓட்டையில் வெளிவரட்டும். 1983இல் பில் பட்ஜ் உருவாக்கிய 'பின்பால் கன்ஸ்ட்ரக்‌ஷன் செட்' ஈர்ப்பையும் துள்ளலையும் ஆடுபவன் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விட்டது. அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றியவன் ஆடுபவன், மாற்றியது அவனுக்குத் தெரியும், மாற்றியபின் அந்த விதி எல்லாப் பந்துக்கும் பொது.

இதை இலக்கிய வாசகர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளே சென்னைக்கு வந்து இறங்குகிறார். இதைவிட நடவாத ஒன்று உண்டா? ஆனாலும் அதை நாம் யதார்த்தத்தின் உச்சங்களில் ஒன்றாக வைத்துப் பேசுகிறோம். ஏன்? கடவுள் வந்துவிட்டார் என்பதற்காக அந்தக் கதையின் காப்பியில் சிக்கரி கலக்காமல் இல்லை. பத்திரிகைச் சந்தாவுக்கு அவரும் பணம் எடுத்து வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. கடவுளுக்காகக்கூட உலகம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் யதார்த்தவாதம். தெருவின் பெயரையும் சட்னியின் நிறத்தையும் வட்டார வழக்கையும் பிசகாமல் எழுதிவிட்டு, கடைசிப் பக்கத்தில் கதாநாயகன்மேல் இரக்கப்பட்டு நிகழ்ச்சிகளைச் சாய்த்துவிடும் கதைகளை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம். பளபளக்கும் பொய்ப்பந்துகள் அவை.

குறுக்குத்துறையில் தாமிரபரணியின் நடுவே நிற்கும் முருகன் கோயிலை எண்ணிப் பார்க்கிறேன். வெள்ளம் வந்தால் அது மூழ்கும். 2023 டிசம்பரின் பெருவெள்ளம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். சுவாமி இருக்கிறாரே என்று ஆறு விலகிப் போனதில்லை; விலகிப் போகும் என்று ஊராரும் காத்திருந்ததில்லை. நீர் ஏறும் முன் உற்சவரை மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுகிறார்கள். ஆற்றின் விதியை அறிந்து அதற்குள் பக்தி செய்யும் அறிவு அது. அந்த அறிவு பிள்ளைகளுக்கு எங்கிருந்து வரும்? கண்டிப்பாகத் தன்மேல் இரக்கம் காட்டாத ஏதோ ஒன்றோடு சிறுவயதில் பழகித்தான் வரும். கோலி அப்படி ஒன்று; நேர்மையாக எழுதப்பட்ட கணினிப் பந்தும் அப்படி ஒன்று. தோற்றால் தன் கைதான் காரணம் என்று அறியும் பிள்ளை அடுத்த முறை கையைத் திருத்துவான். தோல்வியும் வெற்றியும் எவனோ ஊட்டுவது என்றானால் அவன் கையை நம்புவதை விட்டுவிடுவான். ஊட்டுபவனின் முகத்தைப் பார்க்கத் தொடங்குவான். நம் பொதுவாழ்வில் அந்தப் பழக்கத்துக்கு ஏற்கெனவே பஞ்சமில்லை.

ஆகவே நான் கேட்பது சிறிது. பந்து, காய், சக்கரம் எதுவானாலும் அதன் விதி ஆடுபவரின் வெற்றி தோல்வியைப் பொறுத்து மாறுமா, மாறாதா என்பதை ஒவ்வோர் ஆட்டமும் முகப்பிலேயே தமிழில் ஒரு வரியாகச் சொல்லட்டும். மாறும் என்றால் மாறும் என்றே சொல்லட்டும்; அதையும் ஆடுபவர்கள் ஆடட்டும். நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் நிரல் எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு முதல் வருடமே ஒரு கேரம் காயை எழுதித்தரச் சொல்லுங்கள்: இருமடங்கு வேகத்துக்கு நான்கு மடங்கு தூரம் வரும்வரை மதிப்பெண் கிடையாது. கொக்கிரகுளத்தில் 1987 முதல் இருக்கும் மாவட்ட அறிவியல் மையம் போன்ற இடத்தில், ஓர் ஆணிப் பலகையையும் அதையே கணக்கிட்டுக் காட்டும் ஒரு திரையையும் அருகருகே வைத்தால், விடுமுறையில் வரும் பிள்ளைகள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கு ஆகும் செலவு பெரிதாக இராது.

மருமகன் இப்போது சொந்தமாக ஒரு கேரம் ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறான். காய் இன்னும் சில சமயம் சுவருக்குள் புகுந்து போய்விடுகிறதாம். இரவெல்லாம் அதோடு மல்லுக்கட்டுகிறான். அண்ணாச்சிக்கு இதிலும் திருப்தியில்லை. "முன்னே ஆடிக்கிட்டு முழிச்சிருந்தான், இப்போ எழுதிக்கிட்டு முழிச்சிருக்கான், என்னத்தவே மாறிப்போச்சு?" என்று கேட்கிறார். ஆனால் சென்ற வாரம் அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஸ்ட்ரைக்கரின் எடையை எவ்வளவு என்று வைத்திருக்கிறான் என என்னிடம் தனியாக விசாரித்தார். பதினைந்து கிராம் என்றேன். "அப்போ சரி" என்றார்.